முதியோர் மனச்சோர்வுக்குக் 'கூட்டுச் சிகிச்சை' என்கிறார்களே, அது என்ன?

மனச்சோர்வை ஒரு மருத்துவர் மட்டும் பார்க்காமல், செவிலியர், உளவியலாளர், மனநல மருத்துவர் எல்லாரும் சேர்ந்து கவனிப்பதுதான் அது.

பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று வருவதில்லை. முட்டி வலி, தூக்கமில்லை, சோறு இறங்கலை என்றுதான் வருவார்கள். மருத்துவர் மாத்திரை எழுதுவார், சரி. அதைச் சாப்பிட்டாரா, தேறினாரா என்று அப்புறம் யார் கேட்பது? கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மரமேற ஆள் இருந்து, கீழே வாங்கி அடுக்க ஆள் இல்லையென்றால் காய் அடிபட்டுத்தானே போகும்!

அமெரிக்காவில் 1,801 முதியோரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் அறிகுறிகள் பாதியாவது குறைந்தவர்கள் கூட்டுச் சிகிச்சையில் 45 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 19தான். (2021இல் சூளகிரி பக்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள், கூடவே மனசையும் விசாரித்தால் நல்லது.)

'வயசானா அப்படித்தான்' என்பது தவறு: மனச்சோர்வு முதுமையின் இயல்பல்ல, குணப்படுத்தக்கூடிய நோய்.