பம்பையோடு சின்தசைசர் சேர்ந்தால் அது நாட்டுப்புற இசையாகுமா?

பம்பை என்னும் இரட்டை மேளத்தை வாசிக்கும் சேலத்துக் கலைஞர் ஒருவர் தம் புதிய இசைத்தொகுப்பில் கித்தாரையும் மின்னணு இசைக்கருவியான சின்தசைசரையும் சேர்த்தால், அதை நாட்டுப்புற இசை என்று அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அழைக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்தக் கருவி எதற்கு வளைந்துகொடுக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு நாட்டுப்புறத் தோற்கருவியான உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது எழும் முனகல் ஒரு சுருதியில் நிற்பதில்லை. வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். பறையின் தோலோ ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும்; தீயில் காய்ச்சிய பிறகுதான் விண்ணென்று பேசும். சுரம் மாறாத சின்தசைசரோடு இவற்றை இணைப்பது உண்மையிலேயே கடினமான வேலை.

அதைவிடப் பெரிய சிக்கல் காலப்பிரமாணம், அதாவது தாளம் நடக்கும் வேகம். ஆடித் திருவிழாவில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்து உடல் நடுங்கத் தொடங்கினால், பம்பைக்காரர் அவர் கால்களைப் பார்த்தபடியே அடியை முடுக்குவார். ஒலிப்பதிவுக் கூடத்தில் காதுக்குள் சீராகத் தட்டும் கிளிக் ஒலிக்கு அந்த அடியைக் கட்டிப்போட்டால், கருவி இருக்கும், உயிர் இருக்காது. ஆகவே பம்பையை முதலில் தன்போக்கில் பதிவுசெய்து, மற்றக் கருவிகளை அதன் பின்னால் நடக்கவிடுவதே சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கலப்பு நமக்குப் புதிதும் அல்ல. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவை ராப்போடும் ராக்கோடும் சேர்த்தே பாடியது.