பூட்டு எது, திறப்பு யாரிடம்?

கேள்வி: கொரோனாக் காலத்தில் நம் கிழக்குக் கரையின் அறுகம்பே, பாசிக்குடா விடுதிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா வட்டார நாடுகள்) என்று இத்தனை வட்டார அமைப்புகளில் இலங்கை இருந்தும் நமது சேவை ஏற்றுமதியை அவை ஏன் காப்பாற்றவில்லை?
வாசகர், சாய்ந்தமருது

பதில்: அறுகம்பேயில் தொங்கியது ஒரு பூட்டு அல்ல. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் (மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தை மறக்க முடியுமா?) அந்த வருடத்துச் சீசனைப் பூட்டின. 2020 மார்ச்சில் கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டது. 2021 ஜனவரி 21இல் திறந்தார்கள். தென்மேற்குக் கரைக்கு அது சீசனின் நடுப்பகுதி. நமக்குச் சீசன் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. அது வந்தபோது மூன்றாம் அலையும் வந்தது, மே 21இலிருந்து நாடு முழுக்கப் பயணத் தடை. 2022இல் பெற்றோல் இல்லை. நான்கு சீசன், நான்கு பூட்டு. கிழக்கின் சீசன் வேறு என்பதைக் கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை தடவை எழுதுவது?

நெல்லுக்கு விலை இல்லையென்றால் மூட்டை கட்டி வைத்து அடுத்த மாதம் விற்கலாம். ஆள் தங்காத இரவை அப்படி வைக்க முடியாது, அது போனது போனதுதான். 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2020இல் வந்தவர்கள் சுமார் 5 இலட்சம். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை.

இனி உங்கள் சார்க். சேவை வர்த்தகத்துக்கான சார்க் உடன்படிக்கை 2010இல் திம்புவில் கையெழுத்தாகி 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இப்படிப்பட்ட உடன்படிக்கையில் உயிர் இருப்பது அதன் அட்டவணையில்தான்: எந்த நாடு, எந்தத் துறையை, எந்த வழியில், என்ன நிபந்தனையோடு திறக்கிறது என்ற பட்டியல். அந்தப் பட்டியல்களின் பேச்சு முடியாமலே இழுபட்டது. பிம்ஸ்டெக்கின் சுதந்திர வர்த்தகச் சட்டகம் 2004இல் கையெழுத்தானது. சேவைப் பேச்சு அங்கும் முடியவில்லை. முடிந்திருந்தாலும் விமான நிலையம் திறந்திருக்காது. மனித உயிரையும் சுகாதாரத்தையும் காக்க ஒரு நாடு போடும் தடைக்கு உலக வர்த்தக அமைப்பின் சேவை உடன்படிக்கையே விதிவிலக்குத் தருகிறது. சார்க்கினால் அந்தக் காலத்தில் உருப்படியாகக் கிடைத்தது, அதன் நாணய மாற்று ஏற்பாட்டின் கீழ் 2020 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி தந்த 400 மில்லியன் டொலர். அது கடன், ஏற்றுமதி வருமானம் அல்ல.

சேவை நான்கு வழியில் எல்லை கடக்கும். இணையத்தில் வேலையை மட்டும் அனுப்பலாம்; வாங்குபவர் இங்கே வரலாம் (உல்லாசப் பயணி இப்படித்தான்); நிறுவனம் அங்கே கிளை போடலாம்; ஆள் அங்கே போய் வேலை செய்யலாம். தொற்று இரண்டாவதையும் நான்காவதையும் முடக்கியது. முதல் வழி திறந்தே கிடந்தது. அதைப் பற்றி நாம் பேசியிருக்கிறோமா? இந்தியாவுடன் 2000இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை பொருட்களுக்கு மட்டும். அதைச் சேவைக்கு நீட்டும் முயற்சி 2008இல் நின்றது. பிறகு எட்கா (பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு உடன்படிக்கை) என்ற பெயரில் வந்தபோதும் 'இந்தியர் வந்து நம் வேலையைப் பறிப்பார்கள்' என்று நான்காவது வழியைக் காட்டியே கூச்சல். ஏறாவூரில் இருந்துகொண்டே சென்னைக்கு வேலை செய்து கொடுக்கும் பிள்ளைக்காக அந்த மேடைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

அந்தப் பிள்ளையின் பூட்டு, பணம் வாங்கும் இடத்தில் இருந்தது. இணையப் பணச் சேவையான பேபாலில் அந்தக் காலத்தில் இலங்கையர் பணம் கொடுக்க முடிந்தது, வாங்க முடியவில்லை. 2021 கடைசியில் வங்கி டொலருக்கு 200 ரூபாயை ஒட்டியே கொடுத்தது, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். பணம் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை. ஆனால் உண்டியலில் வந்த காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வங்கிக் கடன் கேட்டாலும் விசாவுக்குப் போனாலும் வருமானத்தைக் காட்ட முடியாது. நாட்டின் ஏற்றுமதிக் கணக்கிலும் அது ஏறாது.

ஆகவே இந்த வேலை செய்கிறவர்கள் முதலில் வேலையின் அளவையும் விலையையும் மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இலக்கமும் திகதியும் போட்ட இன்வொய்ஸ் டொலரில் அனுப்புங்கள். நடுவில் இருக்கும் வங்கி கட்டணம் வெட்டும். அதை அனுப்புபவரே ஏற்க வேண்டும் என்று இன்வொய்ஸிலேயே எழுதாவிட்டால், 100 டொலர் வேலையில் கணிசமான பகுதி வழியிலேயே போய்விடும். வெளிநாட்டு நாணயக் கணக்கைச் சொந்தப் பெயரில் திறவுங்கள். மச்சானின் கணக்குக்குப் போட்டு வாங்கினால், வங்கி விளக்கம் கேட்கும் நாளில் அவரிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது.

கட்டாரிலும் சவூதியிலும் இருந்து வரும் காசையும் சேவை ஏற்றுமதி என்று நினைத்துக் கேட்டிருந்தால், அது இந்தக் கணக்கில் சேராது. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கி உழைப்பவர் வீட்டுக்கு அனுப்புவது சென்மதி நிலுவையில் (வெளிநாடுகளோடு நாட்டின் கொடுக்கல் வாங்கல் கணக்கில்) வேறு வரியில் பதியப்படும். அந்த நாடுகள் சார்க்கிலும் இல்லை, பிம்ஸ்டெக்கிலும் இல்லை.