இரண்டு கோடு வந்தால் கஞ்சா இருக்கிறது என்று அர்த்தமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகனுக்கு 22 வயது. குளக்கட்டில் கூட்டாளிமாரோடு இருந்துவிட்டு வந்தான். சட்டையில் கஞ்சா மணம். தான் குடிக்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தேன் என்கிறான். பார்மசியில் கஞ்சா பார்க்கும் பட்டி வாங்கிச் சலத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு வந்துவிட்டது, ஒன்று மங்கல். என்ன செய்வது?”

அம்மா, முதலில் அழுகையை நிறுத்துங்கள். கர்ப்பம் பார்க்கும் பட்டியில் இரண்டு கோடு என்றால் ‘உண்டு’. போதைப்பொருள் பட்டியில் அது தலைகீழ். சீ (C) என்று எழுதிய இடத்தில் வரும் கோடு, பட்டி சரியாக வேலை செய்தது என்பதற்கு. டீ (T) என்ற இடத்திலும் கோடு வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், ‘இல்லை’ என்றுதான் முடிவு. டீயில் ஒன்றுமே வராவிட்டால்தான் ‘உண்டு’. சீயில் வராவிட்டால் அந்தப் பட்டியே பழுது, வேறொன்றில் பாருங்கள். இந்தக் குழப்பத்தால் பிள்ளைக்கு அடி விழக்கூடாது.

ஆனால் ‘இல்லை’ என்பது ‘ஒருநாளும் தொட்டதில்லை’ என்பதற்குச் சாட்சி அல்ல. பட்டி தேடுவது போதையை அல்ல, கஞ்சாவை ஈரல் உடைத்த பிறகு மிஞ்சும் கழிவை. கஞ்சாச் சத்து உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல உடைவதால், அந்தக் கழிவும் மெல்ல மெல்லச் சலத்தில் இறங்கும். ஒருமுறை குடித்தவருக்கு மூன்று நான்கு நாள் வரை தெரியலாம். நாளாந்தம் குடிப்பவருக்கு நிறுத்தி ஒரு மாதம் போனாலும் தெரியலாம். வழமையான பட்டி, மில்லிலீட்டருக்கு 50 நனோகிராமுக்குக் கீழே இருப்பதை ‘இல்லை’ என்றே காட்டும். தண்ணீரை நிறையக் குடித்துவிட்டுக் கொடுத்த சலமும் அப்படித்தான் ஏமாற்றும். அதனால் விடிய முதல் போகும் சலமே நல்லது.

பக்கத்தில் இருந்த புகை? காற்றோட்டமான குளக்கட்டில் அந்த அளவுக்கு ஏறாது. பூட்டிய சிறு அறைக்குள் பலர் ஊதினால் மட்டும் யோசிக்கலாம். மதனமோதகம் தின்றானா என்றும் கேளுங்கள். லேகியக் கடையில் வாங்கினாலும் அதில் சேர்வது கஞ்சா இலைதான்.

அடுத்தமுறை டீயில் கோடு வராமல் போனாலும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில மருந்துகளாலும் பட்டி பிழையாகக் காட்டும். ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் சேர்ந்த கருவி (GC-MS) போன்ற, பொருளைப் பிரித்து இனங்காணும் கருவியில் உறுதிப்படுத்தினால்தான் அது முடிவு. வேலைக்கான பரிசோதனை என்றாலும் அந்த இரண்டாம் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், குடிக்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.

இன்றிரவு பட்டியை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மகனிடம் நேராகக் கேளுங்கள் அம்மா. அவன் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டு முடியுங்கள்.