குளிர்கால கதிர்த்திருப்பத்துக்கு பேகன் மரபில் என்ன பொருள்?

கேள்வி: டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும் குளிர்கால கதிர்த்திருப்பத்துக்கு பேகன் மரபில் ஆன்மிகமாக என்ன பொருள்? நம் உத்தராயணம் போன்றதுதானா?

கதிர்த்திருப்பம் என்பது ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாள். பேகன் என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளுக்கும் அவற்றை இன்று புதுப்பித்துப் பின்பற்றுபவர்களுக்கும் பொதுப்பெயர். அதனால் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இங்கிலாந்தில் விக்கா என்ற நவீன பேகன் வழிபாட்டில் இருப்பவரைக் கேட்டால், "அன்றிரவு தேவி சூரியக் குழந்தையைப் பெறுகிறாள், ஒளி மறுபடி பிறக்கிறது" என்பார். ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) தெய்வங்களை வணங்குபவர் பலர், முன்னோரை நினைத்து மது அருந்துவதையும் சபதம் எடுப்பதையும் முதலில் சொல்வார்கள். இணையத்தில் தேடினால் முதல் பதில்தான் கொட்டிக் கிடக்கும். எனக்கென்னவோ இரண்டாவதில்தான் கனம் அதிகம் என்று தோன்றுகிறது.

இந்த நாளின் அருமை புரிய அங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க வேண்டும். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் நான்கு மணி நேரம் சொச்சம். நான் வசிக்கும் வட இங்கிலாந்து ஊரில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நண்பகலில்கூட சூரியன் தெற்கே வீட்டுக் கூரைகளை உரசிக்கொண்டு போகும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். படித்தும் மனசு சுருங்கத்தான் செய்கிறது. அப்படியிருக்க, மாட்டுக்கு வைக்கோல் மார்ச் வரை வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்!

மிகப் பழைய சான்றுகளில் ஒன்று கல்லில் இருக்கிறது. அயர்லாந்தின் பாய்ன் பள்ளத்தாக்கில் உள்ள நியூகிரேஞ்ச் மண்மேடு ஏறக்குறைய கி.மு. 3200-இல் கட்டப்பட்டது. எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தது. வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாட்களில், சூரியன் உதித்துச் சில நிமிடங்கள் கழித்து அந்தத் திறப்பு வழியே ஒளிக்கீற்று நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள நடைபாதையைக் கடந்து உள்ளறையைத் தொடுகிறது. சுமார் 17 நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 காலை உள்ளே உட்கார்ந்திருந்து இதைக் கண்ணால் பார்த்தார்.

அந்த அறையில் கிடைத்தவை எரிந்த, எரியாத மனித எலும்புகள். ஆக, ஆண்டின் மிக இருண்ட நாட்களில் சூரியனை இறந்தவர்களிடம் அழைத்து வருவதற்கென்றே ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன நம்பினார்கள் என்று யார் சொன்னாலும் ஊகம்தான். எழுத்து எதையும் அவர்கள் விட்டுப் போகவில்லை. இதை "செல்டிக் ஞானம்" என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். செல்டிக் மொழிகள் அந்தத் தீவுக்கு வந்ததே மிகவும் பிற்காலத்தில்.

அடுத்து யூல். வட ஐரோப்பியர்களின் குளிர்கால விழா. பீட் என்ற ஆங்கிலத் துறவி 725-இல் காலக்கணிப்பு பற்றி எழுதிய நூலில் இரண்டு தகவல் தருகிறார். பேகன்களாக இருந்த காலத்தில் ஆங்கிலேயர் டிசம்பர் 25-இல் ஆண்டைத் தொடங்கினார்கள், அந்த இரவுக்கு 'அன்னையர் இரவு' என்று பெயர். அந்தப் பருவத்து மாதங்களுக்கு, சூரியன் திரும்பி வளரத் தொடங்கும் நாளை வைத்துப் பெயர் வந்தது. அந்த இரவில் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் மனிதர் எழுதாமல் விட்டுவிட்டார். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து நாம் கைபிசைந்து நிற்கிறோம்.

நார்வே பக்கம் விவரம் கொஞ்சம் கூடுதல். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹாகோன் அரசர் இங்கிலாந்தில் கிறிஸ்தவராக வளர்ந்தவர். பேகன்களின் யூலும் கிறிஸ்துமஸும் ஒரே நேரத்தில் வரும்படி சட்டம் போட்டார். ஒவ்வொருவரும் இத்தனை அளவு பீர் காய்ச்ச வேண்டும், அது தீரும்வரை விழா என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இதைச் சொல்வது 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஐஸ்லாந்திய வரலாற்றாசிரியர் ஸ்னோரி. அவரும் கிறிஸ்தவர், காலமும் தள்ளியது, அதனால் அவர் சொல்வதை அப்படியே நம்பாமல்தான் படிக்கணும். ஆனால் ஒன்று கவனியுங்கள். தேதியை மாற்ற வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் யூல் வேறு நாளில் நடந்திருக்கிறது. ஸ்னோரி கணக்கில் அது குளிர்காலத்தின் நடுவில் வரும் இரவு, அதாவது ஜனவரி. சரியாகக் கதிர்த்திருப்ப நாளில்தான் எல்லாப் பேகன்களும் கொண்டாடினார்கள் என்பது இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பலி விருந்தில் குடிக்கும் வரிசையையும் ஸ்னோரி தருகிறார். முதல் கிண்ணம் தலைமைத் தெய்வமான ஓதினுக்கு, வெற்றிக்காக. அடுத்து ந்யோர்டு, ஃப்ரேய்ர் என்ற தெய்வங்களுக்கு, நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். அப்புறம் இறந்துபோன உறவினர்களின் நினைவுக்கு ஒரு கிண்ணம். ஐஸ்லாந்தியக் கதைகளில் யூல் இரவன்று காட்டுப்பன்றியை அவைக்குக் கொண்டுவந்து, அதன் பிடரிமயிர் மேல் கைவைத்துச் சபதம் செய்கிறார்கள். விளைச்சல், அமைதி, செத்தவர்கள், கொடுத்த வாக்கு. இதில் சூரியக் குழந்தை எங்கே?

சூரியக் குழந்தை வந்தது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டபின் ஜெரால்டு கார்ட்னர் விக்காவை வெளியே கொண்டுவந்தார். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை என்ற சக்கரமும் 1950-களில்தான் உருப்பெற்றது. குளிர்காலத்தில் ஓக் அரசன் (வளரும் பகலின் அரசன்) ஹாலி அரசனை (தேயும் பகலின் அரசன்) வீழ்த்தி ஆட்சியைப் பிடிக்கிறான் என்ற கதைக்கு மூலம், ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948-இல் வெளியிட்ட நூல். புதியது என்பதால் பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லா மதமும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதான். "ஐயாயிரம் ஆண்டாக அப்படியே வருகிறது" என்பதில்தான் எனக்குத் தகராறு. இன்றைய பேகன்கள் பலருக்கே இது தெரியும், அவர்கள் அதை மறைப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் யூலை ஜூன் மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே குளிர்காலம் அப்போதுதானே!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், விக்கா வழிபாட்டுக்காரர். ஒருமுறை தன் வீட்டு யூலுக்கு என்னையும் கூப்பிட்டார். மாலையில் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார். வைஃபை பெட்டியின் மினுக்கைக்கூடத் துணி போட்டு மூடியிருந்தார். வட்டமாக உட்கார்ந்தோம். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு அந்த ஆண்டு போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் எங்கள் பெரியம்மா பெயரைச் சொன்னேன். அப்புறம்தான் ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அதிலிருந்து மற்றவை. ஏன் இவ்வளவு நேரம் இருட்டு என்று சாப்பிடும்போது கேட்டேன். உடனே ஏற்றிவிட்டால் அது பிறந்தநாள் பார்ட்டி ஆகிவிடும் என்றார். இருட்டை அவசரப்பட்டு விரட்டாமல் அதோடு கொஞ்ச நேரம் இருப்பதுதான் அவருக்கு வழிபாடு. 'ஒளியின் வெற்றி' என்று சுருக்கிச் சொல்லும் பதிவுகளில் இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

இனி உத்தராயணம். வானத்தில் நடப்பது ஒன்றேதான்: தெற்கே போன சூரியன் வடக்கே திரும்புகிறது. அது நடப்பது டிசம்பர் 21 அல்லது 22-இல். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மகர ராசியைக் கணக்கிடுவதால் தை 1 ஜனவரி நடுவுக்கு வந்துவிட்டது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. மார்கழியைத் தேவர்களின் விடியற்காலை என்று சொல்வதும், அம்புப் படுக்கையில் பீஷ்மர் உத்தராயணத்துக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் இந்தத் திருப்பத்தை வைத்துத்தான். சாவும் சூரியனும் அங்கேயும் சேர்ந்தே வருகின்றன. பொங்கலோடு ஒப்பிட்டால் மட்டும் வேறுபாடு பெரிது. பொங்கல் புது நெல் வீட்டுக்கு வந்தபின் வருகிறது. யூல் வரும்போது வயலில் ஒன்றும் கிடையாது. இருப்பதை வைத்து இன்னும் மூன்று மாதம் ஓட்டியாக வேண்டும்.

தென் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் பார்க்கலாம் என்று யாராவது யோசித்தால்: கதிர்த்திருப்பக் காலையில் உள்ளே இலவசமாக விடுகிறார்கள், ட்ரூயிட்கள் (இன்றைய பேகன்களில் ஒரு பிரிவினர்) வருவார்கள், கூட்டமும் குளிரும் பலமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கற்கள் ஒரு பக்கம் கோடைக்காலச் சூரிய உதயத்தையும் மறு பக்கம் குளிர்கால அஸ்தமனத்தையும் நோக்கி நிற்கின்றன. டிசம்பரில் எல்லாரும் கூடுவது உதயத்துக்கு.