'பை', 'அன்டில்': எதை எங்கே போடுவது?

'வெள்ளிக்கிழமை வரை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பை ஃபிரைடே' (by Friday) சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. தமிழில் 'க்குள்' வருகிற இடத்தில் 'பை', 'வரை' வருகிற இடத்தில் 'அன்டில்' (until) என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

'ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபிரைடே' என்றால் புதனோ வியாழனோ எப்போது வேண்டுமானாலும் முடியலாம், கடைசிக் கெடு வெள்ளி, அன்றைக்கே முடித்தாலும் பரவாயில்லை. 'ஐ வில் வெயிட் அன்டில் ஃபிரைடே' என்பதில் காத்திருப்பது இடைவிடாமல் வெள்ளி வரை நீள்கிறது. அதனால்தான் 'ஃபினிஷ் அன்டில் ஃபிரைடே' என்று எழுதினால் காதில் இடிக்கிறது. முடிப்பது ஒரே கணத்தில் நடப்பது, அது எப்படி நீளும்?

எதிர்மறையில்தான் பலர் சறுக்குவார்கள். 'இட் வோன்ட் பி ரெடி அன்டில் மண்டே' என்றால் திங்களன்றுதான் தயாராகும், அதற்கு முன் ஆகாது. இதிலேயே 'பை மண்டே' போட்டால் திங்களன்றும் தயாராகியிருக்காது! ஒரு சொல்லில் அர்த்தமே மாறிவிடுகிறது.

அப்புறம் இலக்கணம். 'அன்டில் ஹி கம்ஸ்' என்று பின்னால் ஒரு முழு வாக்கியமே வரலாம், 'பை'க்கு அப்படி வராது, 'பை த டைம் ஹி கம்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். 'டில்' என்பதும் 'அன்டில்'தான், ஆனால் அதன் சுருக்கம் இல்லை, உண்மையில் 'டில்'தான் பழைய சொல்.