மெக்சிகோ வம்சாவளித் தாய்மாரின் நாற்பது நாள்: கேள்வி பதில்

டெக்சாஸில் மகப்பேறுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இங்கே வரும் தாய்மாரில் பாதிக்கு மேல் மெக்சிகோ வம்சாவளி. அவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ளும் விதம் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சில.

பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை பெற்று மூன்று வாரமாகிறது. வெளியே தலைகாட்டவே இல்லை. ஏதும் பிரச்சினையா?

பெரும்பாலும் இருக்காது, குவாரென்தேனா இருப்பாள், அதாவது பிள்ளை பெற்றவளின் நாற்பது நாள் ஓய்வு. நாற்பது நாள் குளிர்காற்றும் ஐஸ் தண்ணீரும் ஆகாது. கோழி சூப், மக்காச்சோள மாவில் காய்ச்சிய அதோலே என்று எல்லாம் சூடாகத்தான். வயிற்றில் ஃபாஹா என்ற பட்டையை இறுக்கிக் கட்டியிருப்பாள். நம் பாட்டிமாருக்கு இதில் எதுவும் புதிதில்லை. சமையல், துணி, மூத்த பிள்ளைகள் எல்லாம் அம்மா, அக்கா, கோமாத்ரே பொறுப்பு. கோமாத்ரே, பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள். பார்க்கப் போனால் சூடாக ஒரு பாத்திரம் சூப் கொண்டுபோங்கள். தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தையும் கழுவிவிட்டு வாருங்கள்.

உதவிக்கு ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

சிக்கலே அங்கேதான். அம்மா மெக்சிகோவின் மிச்சோவாகானில், மகள் டல்லாஸில், நடுவே விசா. போதாததற்கு, தன்னைத் தேய்த்துக் குடும்பத்தைத் தாங்குபவளே நல்ல தாய் என்ற எதிர்பார்ப்பு வேறு. கன்னி மரியாளை முன்மாதிரியாகக் கொண்ட இந்த எண்ணத்தைப் பற்றி எவலின் ஸ்டீவன்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் 1973இல் ‘மரியானிஸ்மோ’ என்று கட்டுரையே எழுதினார். அப்படி வளர்ந்தவளிடம் ‘உனக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கு’ என்றால் உறைக்காது. ‘கோமாத்ரேயை வரச்சொல்லேன்’ என்று பாருங்கள், போனை எடுப்பாள்.

முட்டையை உடம்பில் தடவுகிறார்களே, மூடநம்பிக்கைதானே?

அது லிம்பியா. குரந்தேரா என்ற நாட்டு வைத்தியச்சி பச்சை முட்டையைத் தலையிலிருந்து கால்வரை தடவி, டம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பாள். கண்ணேறும் பயமும் கழியுமாம். முட்டை நோயைக் காட்டாது. ஆனால் அந்த நேரம் முழுக்க ஒருத்தி அவளைத் தொட்டு, ‘என்னடி நடந்தது’ என்று கேட்கிறாள். நான் தடுப்பதில்லை.

தெமஸ்கால் குளியல்?

சுட்ட எரிமலைக் கல்லில் மூலிகைத் தண்ணீர் தெளித்து எடுக்கும் நீராவிக் குளியல், ஸ்பானியர் வருமுன்பே இருந்தது. கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

அவர்கள் நாட்டு மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

எம்பாச்சோ என்ற வயிற்று மந்தத்துக்குக் கொடுக்கும் கிரேத்தா (மஞ்சள் பொடி), அஸார்கோன் (ஆரஞ்சுப் பொடி) இரண்டும் கூடவே கூடாது. இரண்டும் ஈயம். 90% வரைகூட இருக்கும். பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும், பொட்டலத்தையும் எடுத்து வரச்சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டோம்.

தோழி ஓயாமல் அழுகிறாள். கேட்டால் ‘நெர்வியோஸ்’ என்கிறாள்.

நெர்வியோஸ் என்றால் நரம்புப் படபடப்பு, மனக்கலக்கம். பிள்ளை பெற்று இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அமெரிக்காவில் தாய்மார் மனநல உதவிக்கு 1-833-852-6262, இலவசம், ஸ்பானிஷிலும் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர உதவி எண் 911. ஒன்று மட்டும் கவனியுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கமாட்டாள். பிள்ளையை எடை பார்க்க மாமியாரோடு அனுப்பிவிட்டுத்தான் நான் பேச்சையே எடுப்பேன்.