டென்மார்க் பேப்பரை நம்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வீடு, குளிர் உடுப்பு எல்லாம் வேலையிடத்தில் சொல்லித் தருவார்கள், அதை விடுங்கள். இஸ்லாத்தை விமர்சிக்கிறவர்களை இங்குள்ள ஊடகங்கள் வேண்டுமென்றே கெட்டவர்களாகக் காட்டுகின்றனவா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில், இதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள். எங்கள் சனத்தில் பலர் இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஒரு டெனிஷ் பேப்பரை முழுதாகப் படித்ததில்லை.

குற்றச்சாட்டில் விஷயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2013 பெப்ரவரியில், இஸ்லாத்தை விமர்சித்து எழுதிவந்த டெனிஷ் எழுத்தாளர் லார்ஸ் ஹெடகோர்டை ஒருவன் தபால்காரர் வேஷத்தில் வந்து வீட்டு வாசலில் வைத்துச் சுட்டான். குறி தப்பியதால் பிழைத்தார். அவருடைய பேச்சுக்காகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இலேயே அவரை விடுவித்திருந்தது. அப்படியிருந்தும், நான் படித்த சில செய்திகளில் கொலை முயற்சியைவிட அவருடைய கருத்துகள்தான் முன்னுக்கு நின்றன. அவர் கொள்கை எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அப்படி எழுதியது அநியாயம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2005 செப்டெம்பரில் நபி கேலிச்சித்திரங்களைப் போட்ட யுலான்ட்ஸ்-போஸ்டன் பேப்பர், 2003இல் இயேசு கேலிச்சித்திரங்களை வேண்டாம் என்று திருப்பியிருந்தது. 2010இல் பொலிட்டிக்கன் என்ற இன்னொரு பேப்பர், ஒரு நபி சித்திரத்தை மறுபடி அச்சிட்டதால் மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டபோது, அதைக் கடுமையாகத் தாக்கியவர்களும் இந்நாட்டுப் பத்திரிகைக்காரர்தான். பிறகு எங்கே ஒரே குரல்?

நூலகத்தில் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் படியுங்கள். யாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எத்தனையாவது பந்தியில் வருகிறது என்று பாருங்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் டெனிஷ் படித்ததே அப்படித்தான்.

அப்போது அந்தப் பேப்பர்களில் செய்தியே நாங்கள்தான். 1987இல் நீதி அமைச்சர் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். பெண்சாதி பிள்ளைகள் யுத்தத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்க, முகாமில் எங்களோடு இருந்த ஆண்கள் தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிய நீதி விசாரணை அறிக்கை வெளிவந்து, 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரே பதவி விலகினார். அந்த முகாமில் இருந்தவர்களிலேயே சிலர் இன்றைக்கு, "நாங்கள் நல்ல அகதிகள், முஸ்லிம்கள்தான் பிரச்சினை" என்று கதைக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வரும். முதல் வருஷம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். நூலக அட்டை இலவசம், இந்தக் கிழமையே எடுத்துவிடுங்கள்.